யாரும் மிதியாத புல்

என் வயதை ஒட்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். பத்து, பன்னிரண்டு வயதில் பெற்றோரின் பெட்டிகளோடு பெட்டியாக இந்த ஊரில் வந்து இறங்கி, இன்று வாகனம் ஓட்டப் பழகிய பிள்ளைகளுக்குத் தாயும் தகப்பனுமாகி, சாப்பாட்டு மேசையிலும் கைபேசியைத் திரை தெரியும்படி வைத்துக்கொண்டு இருக்கிறீர்களே, உங்களுக்காக.

மூன்று கிழமைக்கு முன், மோட்டர்வேயில் மழைக்குள் மெதுவாகப் போய்க்கொண்டிருந்த என் மகளின் காரைப் பின்னால் வந்த வான் ஒன்று இடித்தது. நெற்றியில் மூன்று தையல், கழுத்தில் சுளுக்கு. அவ்வளவுதானே என்று எல்லாரும் சொல்கிறார்கள். நானும் மற்றவர்களுக்கு அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் நான் வேலை செய்யும் மருந்துக் கடையில் மாத்திரை எண்ணும்போது பாதியில் எண்ணிக்கை தவறிவிடுகிறது. மறுபடி முதலிலிருந்து எண்ணுகிறேன்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்த பின்னேரம், பார்மசி படித்த நான், ஒரு கை உப்பும் மூன்று செத்தல் மிளகாயும் எடுத்து அவளை இருத்திச் சுற்றினேன்.

"மம், வாட் ஆர் யூ டூயிங்?" என்றாள்.

"பேசாமல் இரு," என்றேன்.

சுற்றி முடித்துவிட்டு, மூடிய கையோடு ஆக்லாந்தின் த்ரீ கிங்ஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றேன். எங்கே போடுவது? ஒரு பக்கம் அயல்வீட்டுக்காரர் வாரம் தவறாமல் வெட்டும் புல். மறுபக்கம் தெருவோரப் புல். சற்று நேரம் நின்றுவிட்டு உள்ளே வந்து, உப்பைச் சமையலறைத் தொட்டியில் கொட்டி, கடைசிக் கல்லும் கரையும் வரை குழாயைத் திறந்து விட்டேன்.

"பின்வளவில எறிஞ்சிருக்கலாமே," என்றார் கணவர்.

"புல்லுக்கு உப்பு ஆகாது," என்றேன்.

அது எனக்கு எப்படித் தெரியும் என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

*

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பிறகு இரண்டாவது கோடை அது. எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு நாலு. ஒனிஹங்காவில் வாடகை வீடு. குளிர்காலத்தில் அறைச் சுவரில் படர்ந்த கறுப்புப் பூஞ்சணம் வெயில் வந்த பிறகும் போகவில்லை. தம்பிக்கு இழுப்பு. படுத்தால் நெஞ்சுக்குள் ஒரு சிறு விசில் கேட்கும். அம்மா விரி என்ற இடத்தில் ஒரு தொழிற்சாலையில் பகல் முழுவதும் பெட்டிகளில் பொதி அடுக்கினார். ஊரில் விவசாயப் போதனாசிரியராக இருந்து, வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் எந்த மாதம் எவ்வளவு உரம் என்று தோட்டக்காரருக்குச் சொல்லிக்கொடுத்த அப்பாவுக்கு, நகரத்திலிருந்து தெற்கே ஒரு மணி நேரம் ஓடினால் வரும் கோல்ஃப் மைதானத்தில் புல் பார்க்கும் வேலை.

அது ஒரு ஜப்பானிய நிறுவனம் கட்டிய மைதானம். டிசம்பரில் பள்ளிக்கூடம் மூடியதும் எங்களைப் பார்க்க வீட்டில் ஆளில்லாமல் போனது. பிள்ளைகளையும் கூட்டிவரலாமா என்று அப்பா மேற்பார்வையாளரிடம் கேட்டார். புல் சம்பந்தப்பட்ட எல்லாவற்றுக்கும் பொறுப்பான ஜப்பான்காரர் அவர், ஐம்பது வயதிருக்கும், ஒல்லி. ஒரு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றார். சத்தம் போடக்கூடாது, ஓடக்கூடாது, பந்து பறக்கும் பக்கம் போகக்கூடாது. நாங்கள் முதல் நாள் போய் இறங்கியபோது, கருவிக் கொட்டகை ஆணியில் அப்பாவின் தொப்பிக்குப் பக்கத்தில் இரண்டு சின்ன வைக்கோல் தொப்பிகள் தொங்கின. யார் வாங்கி வைத்தது என்று யாரும் சொல்லவில்லை.

விடியும் நேரத்துக்குப் போய்ச் சேர்வோம். நான் அதற்கு முன் அப்படியொரு ஒழுங்கைக் கண்டதில்லை. பின்பும் கண்டதில்லை. மேற்பார்வையாளர் நீண்ட மூங்கில் கம்பு ஒன்றைப் பிடித்துக்கொண்டு பனி படிந்த புல்லின் மேல் இடமும் வலமுமாக வீசி நடப்பார். கம்பின் நுனி புல்லைத் தொட்டும் தொடாமலும் போகும். அவர் போன வழியில் வெள்ளைப் புல் பச்சையாகும். பனி புல்லில் தங்கினால் நோய் வரும் என்பதற்காக, கையால் செய்கிற வேலை. இயந்திரம் இருந்தும் அவர் கம்பைத்தான் எடுப்பார். உஸ், உஸ் என்ற அந்தச் சத்தமும், வெட்டிய புல்லின் வாசமும், எரிபொருள் மணமும், தேநீர் அறையிலிருந்து வரும் சோற்று ஆவியும் எனக்கு இன்றும் ஒரே வாசமாகத்தான் நினைவிருக்கின்றன.

ஆட வந்தவர்கள் ஆடத் தொடங்குமுன் மைதானத்தைப் பார்த்துத் தலைகுனிவார்கள். பாதி ஆட்டத்தில் நிறுத்தி, வந்து அமர்ந்து, ஆறுதலாகச் சாப்பிடுவார்கள். முடிந்ததும் வெந்நீரில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். பந்தை அடிக்கும்போது பெயர்ந்துபோன புல்லின் இடத்தில் மணல் போட்டு நிரப்ப, ஒவ்வொருவரும் சின்னப் பை ஒன்றைத் தோளில் கொண்டு போவார்கள். பெரிய கம்பனிக்காரர்களாம். குனிந்து மண் நிரப்பினார்கள். தொலைந்த பந்துகளைச் செடிகளுக்குள் தேடி எடுத்து ஒரு பால்மா டின்னில் சேர்த்து வைத்திருந்தேன். வீடு மாறியபோது அந்த டின் எங்கே போனதோ.

எல்லாவற்றிலும் எனக்கு அதிசயமாக இருந்தது கிரீன்தான். பந்து விழ வேண்டிய குழி இருக்கும் புல்தரையைக் கிரீன் என்பார்கள். கம்பளம்போல மிக ஒட்ட வெட்டியிருக்கும். மற்ற மைதானங்களில் ஒரு குழிக்கு ஒரு கிரீன். இங்கே ஒவ்வொரு குழிக்கும் இரண்டு. ஒன்றில் ஆடுவார்கள், மற்றது ஓய்வெடுக்கும். அந்தந்தப் பருவத்துக்கு மாற்றுவார்கள். ஜப்பானின் கொடும் வெயிலுக்கும் கடும் குளிருக்கும் கண்டுபிடித்த வழக்கமாம் அது. ஆக்லாந்துக்கு அவசியமே இல்லை என்று இந்த நாட்டு வேலைக்காரர்கள் முணுமுணுப்பார்கள். ஆனால் அது அங்கே ஒரு விரதம்போல நடந்தது. ஓய்வெடுக்கும் கிரீனில் யாரும் கால் வைக்க மாட்டார்கள். பந்து தவறி அதில் விழுந்தால், எடுத்து வெளியே வைத்துத்தான் அடிக்க வேண்டும். குறுக்கே போனால் இருபது அடி மிச்சம் என்றாலும் மேற்பார்வையாளரும் சுற்றித்தான் போவார்.

புல்லும் களைக்கும் என்று நினைக்கிற ஆட்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

தேநீர் அறை இருந்த பெரிய கட்டடத்துக்கு முன்னால் இருந்த ஓய்வுக் கிரீனை மேற்பார்வையாளர் அப்பாவிடம் ஒப்படைத்திருந்தார். அப்பா ஒரு நாள் மண்ணைக் கிள்ளி முகர்ந்து பார்த்ததைக் கண்டுவிட்டாராம். மறுநாள், பெருவிரல் தனியே பிரிந்த, மெல்லிய ரப்பர் அடி வைத்த துணிச் சப்பாத்து ஒரு சோடி கொண்டுவந்து கொடுத்தார். உரம் போடவும் வெட்டவும் அப்பா மட்டும் அதைப் போட்டுக்கொண்டு அந்தப் புல்லில் இறங்கலாம். தை மாத முடிவில் ஜப்பானிலிருந்து முதலாளி வருவார், அன்றைக்கு அந்தக் கிரீன்தான் திறக்கப்படும் என்று ஏற்பாடு.

"இந்த நாட்டுக்கு வந்து முதல் தரமா ஆரோ என்னை மண் தெரிஞ்ச ஆள் எண்டு நினைச்சிருக்கினம்," என்று அப்பா காரில் சொன்னார். கோயிலிலும் சொன்னார். தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சொன்னார்.

*

தம்பிக்குச் சுருள் முடி, குண்டுக் கன்னம். தேநீர் அறையில் சமைக்கும் ஜப்பானியப் பெண்மணி அவனைக் கண்டால் "கவாயி, கவாயி", வடிவு வடிவு, என்று கன்னத்தைத் தொடுவார், கையில் சோற்று உருண்டை கொடுப்பார். ஆட வந்தவர்களும் நின்று பார்த்துச் சிரிப்பார்கள். நான் இதையெல்லாம் வீட்டில் போய்ப் பெருமையாகச் சொல்வேன். அம்மாவின் முகம் மாறும்.

"எத்தினை பேர் பாத்தவை?"

"நாலு பேர், அம்மா. ஒராள் படமும் எடுத்தவர்."

அன்று பின்னேரம் தம்பிக்கு இழுப்பு வந்தால் அம்மாவுக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. நாவூறு. மனிதர் கண்ணும் வாயும் பட்ட பழுது. உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து மூன்று முறை சுற்றி நெருப்பில் போட வேண்டும். முதல் தடவை மின்னடுப்புக் கம்பியிலேயே போட்டுவிட்டார். மிளகாய்ப் புகைக்கு வீட்டின் புகை மணி அலறியது. அயல்வீட்டுக்காரர் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டார். வந்த இரண்டு பெரிய மனிதர்களும் வாசலில் நின்று கண்ணீர் வடிய இருமினார்கள். தம்பிக்கு இழுப்பு இரண்டு மடங்கானது.

அதோடு எரிப்பது நின்றது. எரிக்காவிட்டால் கால் படாத இடத்தில் போட வேண்டும். எங்கள் வீட்டு முற்றம் எல்லாரும் நடக்கிற இடம். தெருவில் போட்டால் நாய் கூட்டி வருகிறவர்கள் மிதிப்பார்கள். அம்மா உப்பையும் மிளகாயையும் கடதாசியில் சுற்றிக் காலையில் என் கையில் தந்தார்.

"அப்பா வேலை செய்யிற இடம் பெரிய இடந்தானே. கால் படாத இடமாப் பாத்துப் போடு. போட்டிட்டுத் திரும்பிப் பாராமல் வந்திடு. அப்பாட்டைச் சொல்லாதை, படிச்ச மனுசன், ஏசும்."

கால் படாத இடம். எனக்கு யோசிக்க ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

அப்பா கருவிகளை இறக்கும் நேரத்தில், மேற்பார்வையாளர் மூங்கில் கம்போடு தூரத்தில் நிற்கும்போது, நான் ஓய்வுக் கிரீனின் ஓரத்துக்குப் போவேன். உள்ளே கால் வைக்க மாட்டேன். நான் ஒழுங்கான பிள்ளை. ஓரத்தில் நின்று கையை நீட்டி உப்பைத் தூவுவேன். சிவப்பு மிளகாய் பச்சையில் தெரியும் என்பதால் அதைப் பக்கத்தில் வாள்போல நீண்ட இலைகளோடு நின்ற ஃபிளாக்ஸ் பற்றைக்குள் எறிவேன். உப்புப் பனியில் விழுந்ததும் கரைந்துவிடும். புல் அதை வாங்கிக்கொண்டது என்று நினைத்தேன். பிறகு திரும்பிப் பாராமல் வருவேன். வாரத்தில் மூன்று நாள், நாலு நாள். என் கை எட்டும் தூரம் என்றும் ஒரே தூரம்தான்.

*

தை பிறந்த கிழமையில் அந்த இடத்தில் புல் மஞ்சளானது. முதலில் ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. பிறகு ஒரு தாம்பாளம் அளவு பழுப்பு.

அப்பா பார்த்ததும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு வெறுங்காலுடன் உட்கார்ந்தார். உரம்தான் எரித்திருக்கிறது, கலவை கூடிவிட்டது என்று முதல் நாளே முடிவு செய்துவிட்டார். நோயாக இருந்தால் இப்படி ஒரே இடத்தில் நிற்காது, பரவும். கரைசல் சரியாகக் கலக்காமல் அடியில் நின்று ஒரே இடத்தில் ஊற்றப்பட்டிருக்கும். அவரைத் தவிர யாரும் அதில் இறங்குவதில்லையே. வேறு யார்?

கூட வேலை செய்த தொங்கா நாட்டுக்காரர் அப்பாவை எப்போதும் "புரொபசர்" என்றே கூப்பிடுவார். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு. "என்ன புரொபசர், மத்தியானக் கறியைக் கொட்டிட்டியா? ஒரு கரண்டி சாப்பிட்ட என் வயிறே ரெண்டு நாள் எரிஞ்சது, பாவம் புல்லு!" என்றார். மற்ற நாளென்றால் அப்பா பதில் கொடுத்திருப்பார். அன்று கரைசல் வாளியைக் கழுவப் போய்விட்டார்.

அதன் பிறகு அவர் கரைசல் அளக்கும்போது மூன்று தரம் அளந்தார். நாலாம் தரம் அளவைக் கோப்பையைத் தொங்காக்காரரிடம் கொடுத்து, "நீ பார்த்துச் சொல்," என்றார். வீட்டில் ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய குறிப்புப் புத்தகங்களை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். வெங்காயத்துக்கான பக்கங்களை ஏன் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

"இஞ்சாருங்கோ, உங்களுக்குத்தான் ஆரோ நாவூறு போட்டிருக்கினம்," என்றார் அம்மா. "ஜப்பான்காரன் என்னை நம்பித் தந்தவன் எண்டு கோயிலில ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிஞ்சனீங்கள். சனம் சும்மா இருக்குமோ?"

"விசர்க்கதை கதையாதையும்," என்றார் அப்பா. ஆனால் அம்மா சுற்றும்போது பேசாமல் இருந்தார். அப்படி அவர் பேசாமல் இருந்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மறுநாள் என் கையில் வந்தது பெரிய பொட்டலம். பெரிய ஆளுக்குப் பெரிய பொட்டலம். நான் அதோடு நிற்கவில்லை. சமையலறைப் போத்தலிலிருந்து இன்னொரு கை உப்பும் எடுத்துச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போனேன். தம்பிக்குச் சுகமில்லாதபோது சுற்றினோம். அப்பாவுக்குச் சுற்றினோம். அப்பா அவ்வளவு கவலைப்படும் புல்லுக்கு ஏன் யாரும் சுற்றவில்லை? வருகிறவர் எல்லாரும் அதைப் பார்த்து வாய் பிளக்கிறார்களே, கண் படாதா? கிரீன் ஓரத்தில் நின்று, கருகின இடத்துக்கு நேரே கையை நீட்டி, அம்மா சொல்வதுபோல வாய்க்குள் சொல்லி, மூன்று முறை சுற்றினேன். அவ்வளவு உப்பையும் அங்கேயே போட்டேன்.

சிரிக்காதீர்கள். அந்த வயதில் நான் செய்த மிகவும் நல்ல காரியம் அதுதான் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

*

புல்லுக்குச் சுற்றிய ஐந்தாம் நாள் காலை, அப்பா மைதானத்தின் மறுகோடியில் இருந்தார். மேற்பார்வையாளர் ஓய்வுக் கிரீன் ஓரத்தில் முழந்தாளிட்டார். தொப்பியைக் கழற்றி வெளியே வைத்தார். குழி தோண்டும் வட்டக் கத்தியை அந்தப் பழுப்பில் அழுத்தி ஒரு துண்டு மண்ணை வெளியே எடுத்தார். முகர்ந்தார். பிறகு, நான் பற்றைக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஒரு துளி மண்ணை நாக்கில் வைத்தார்.

கைக்குட்டையில் துப்பி மடித்தார். ஓரத்துப் பனியில் இருந்த சின்னச் செருப்புத் தடங்களைப் பார்த்தார். தடம் வந்த வழியே பற்றைக்கு வந்து குனிந்தபோது, வெயிலில் வெளிறிய மிளகாய்கள் இருபது முப்பது அவர் காலடியில் கிடந்தன. அதற்குப் பின்னால் நான் நின்றேன்.

பின்னால் நகர்ந்து போய்ப் புல்லில் உட்கார்ந்து, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து விரல்களை அசைத்து என்னைக் கூப்பிட்டார். எங்கள் ஆட்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். இந்த நாட்டில் வேறு யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கண்டதில்லை. போனேன்.

அவருக்கு ஆங்கிலம் கொஞ்சம்தான். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார்.

"உப்பு?"

தலையாட்டினேன்.

யார் போடச் சொன்னது என்று கேட்பார், ஏன் போட்டாய் என்று கேட்பார் என்று நின்றேன். அவர் கேட்டது வேறு.

"வீட்டில் யாருக்குச் சுகமில்லை?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. தம்பிக்கு என்றேன். பிறகு அப்பாவுக்கு என்றேன். கடைசியில் புல்லுக்கும் என்றேன்.

"புல்லுக்குமா?"

"யெஸ்."

அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். திரும்பியபோது கண் ஈரமாக இருந்ததா, சிரிப்பை அடக்கினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தன் ஊரில் கடை வாசலிலும் வீட்டு வாசலிலும் உப்பைச் சின்னத் தட்டில் கூம்பாக வைப்பார்கள் என்றார். செத்த வீட்டுக்குப் போய்வந்தால் தன் அம்மா வாசலில் நிறுத்தித் தோளில் உப்பு எறிவார் என்று, தன் தோளைத் தொட்டுக் காட்டினார்.

"உப்பு நல்லது," என்றார். "ஆனால் புல்லுக்கு அது தெரியாது."

"அப்பாவுக்குச் சொல்லாதீர்கள்," என்றேன். "ப்ளீஸ்."

நெடுநேரம் யோசித்தார். எங்களை வரவிடுவதற்கே ஒரு நாள் யோசித்தவர் அல்லவா.

"நான் சொல்ல மாட்டேன். நீ சொல்."

"எப்போது?"

"உன்னால் முடிகிறபோது."

இன்று ஒரு தாயாக இருந்து பார்க்கும்போது, அவர் செய்தது முழுக்கச் சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. பதினொரு வயதுப் பிள்ளையின் தலையில் அவ்வளவு பாரத்தை வைக்கலாமா? நானாக இருந்தால் அன்றே தகப்பனுக்குப் போன் எடுத்திருப்பேன். ஆனால் பதினொரு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்த வாக்கை, பெரிய ஆளுக்குக் கொடுத்ததுபோல ஒருவர் காப்பாற்றியதை நான் பிறகு எங்கும் காணவில்லை. அவர் காப்பாற்றினார். அதனால்தான் அடுத்தது நடந்தது.

*

அன்றே வேலைக்காரர்களைக் கூப்பிட்டு, கிரீன் எரிந்தது தன் பிழை, நீர் விடுவதைத் தான் சரியாகக் கவனிக்கவில்லை என்றார். மூன்று நாள் அந்த இடத்தில் தண்ணீரை ஓடவிட்டுக் கழுவினார். அடிமண்ணோடு வெட்டி எடுத்து, கொட்டகைக்குப் பின்னால் வளர்த்த நாற்றுப் புல்லைக் கொண்டுவந்து பொருத்தினார். பொருத்திய கோடு தெரிந்தது. முதலாளி வர ஒரு கிழமைகூட இல்லை.

அப்பா அவர் சொன்னதை நம்பவில்லை. தண்ணீர் விட்டது அப்பாதானே. மனுசன் என்னைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்தார். உப்புப் புல்லை எரித்ததைவிட அதிகமாக அந்த நினைப்பு அவரை எரித்தது. அம்மா தந்த பொட்டலங்களை நான் தேநீர் அறைத் தொட்டியில் கரைத்தேன். ஒவ்வொரு நாளும் காரில் ஏறும்போது இன்றைக்குச் சொல்லுவேன் என்று நினைப்பேன். இறங்கும்போது நாளைக்கு என்று நினைப்பேன். மேற்பார்வையாளர் காலையில் என்னைக் காணும்போது ஒரு கேள்வியும் கேட்காமல் தலையை மெல்லச் சாய்ப்பார். கேட்டிருந்தால் நல்லது.

முதலாளி வந்தார். கைத்தடி ஊன்றிய, மிக வயதானவர். கிரீன் திறக்கப்படவில்லை. நாங்கள் எல்லாரும் தள்ளி வரிசையாக நிற்க, மேற்பார்வையாளர் அந்த ஒட்டுப் போட்ட புல்லுக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்தார். குனிந்தவர் நிமிரவேயில்லை. முதலாளி ஒட்டுக் கோட்டைப் பார்த்தபடி நின்றார். ஏதோ இரண்டு சொல் சொன்னார். பிறகு அந்தக் கிழவரும், தடியை ஊன்றி ஊன்றி, கிரீனைச் சுற்றித்தான் போனார். குறுக்கே போகவில்லை. மேற்பார்வையாளரின் தலை இன்னும் குனிந்திருந்தது, என்னால். ஓடிப்போய்ச் சொல்ல வாயெடுத்தேன். என் கையைத் தம்பி பிடித்திருந்தான். ஓடக்கூடாது, சத்தம் போடக்கூடாது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். காரணங்கள் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும்.

அந்த மைதானம் பிறகு கை மாறிவிட்டது. ஒரு குழிக்கு ஒரு கிரீன்தான் இப்போது என்று கேள்வி.

*

அன்று பின்னேரம் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தோம். தம்பி பின்னிருக்கையில் நித்திரை.

"எங்கட நாட்டில," என்றார் திடீரென்று, "பெரியவன் விட்ட பிழையைச் சின்னவன்ர தலையில போடுவினம். இருபது வருசம் நான் கண்டது அதுதான். இந்த மனுசன் என்ர பிழையைத் தன்ர தலையில போட்டுக்கொண்டு குனிஞ்சு நிக்கிறார். நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

சட்டைப்பையிலிருந்து நாலாக மடித்த தாள் ஒன்றை எடுத்து என்னிடம் தந்தார்.

"பிள்ளை, இங்கிலீசு சரியோ எண்டு ஒருக்காப் பார்."

வீட்டுக்கு வருகிற கடிதங்களை வாசிப்பதும், போகிற கடிதங்களைத் திருத்துவதும் என் வேலை. உங்களில் பலருக்கும் அதுதானே வேலை. விரித்தேன். மேற்பார்வையாளருக்கு எழுதியிருந்தார். தன் கவனக்குறைவால் கிரீன் எரிந்தது. அதற்காக அவர் தலைகுனிய நேர்ந்தது. மண்ணைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று இவ்வளவு காலம் நினைத்திருந்தது பிழை. வெள்ளிக்கிழமையோடு வேலையை விடுகிறார்.

எழுத்துகள் ஆடின. கார் குலுக்கினதாலோ என்னவோ.

"அப்பா, அது நீங்கள் இல்லை," என்றேன். "நான்."

"என்ன நீ?"

சொன்னேன். தம்பியின் இழுப்பிலிருந்து தொடங்கிச் சொன்னேன். அம்மாவின் பொட்டலம், கால் படாத இடம், பெரிய பொட்டலம், புல்லுக்குச் சுற்றியது, மேற்பார்வையாளர் மண்ணை நாக்கில் வைத்தது. அப்பா சிக்னல் போட்டு மோட்டர்வே ஓரத்தில் நிறுத்தினார். பக்கத்தால் ஒவ்வொரு லொறி போகும்போதும் எங்கள் பழைய கார் ஒருமுறை ஆடி நின்றது. நான் அடியை எதிர்பார்த்துத் தோளைச் சுருக்கிக்கொண்டிருந்தேன்.

"எவ்வளவு?" என்றார்.

"என்ன அப்பா?"

"உப்பு. ஒரு தரத்துக்கு எவ்வளவு போட்டனி?"

கையைக் குவித்துக் காட்டினேன்.

"எத்தினை தரம்?"

"பத்துப் பன்னெண்டு இருக்கும். கடைசியாப் போட்டது நிறைய."

"ஒரே இடத்திலயோ?"

"ஓம், ஒரே இடத்தில."

அப்பாவின் உதடுகள் அசைந்தன. ஏதோ பெருக்கினார், வகுத்தார். அந்த முகத்தை நான் மூன்று கிழமையாகக் கண்டிருக்கவில்லை. ஊரில் தோட்டக்காரர் வந்து பயிரைக் காட்டும்போது அப்படித்தான் இருக்கும்.

"அப்ப கட்டாயம் எரியும்," என்றார். "எந்தப் புல்லும் எரியும். அப்ப என்ர கலவை சரி?"

"ஓம் அப்பா."

"நான் கூடப் போடேல்லை?"

"இல்லை அப்பா."

"உண்மையா?"

"சத்தியமா."

ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்தார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படுவார் என்று பயந்து ஒன்பது நாள் வாயை மூடியிருந்தேனே, அந்த ஒன்பது நாளும் அவர் எதை இழந்துகொண்டிருந்தார் என்பதை நான் அறியவேயில்லை. என் உப்பை அவர் மன்னித்தாரா என்பதைக்கூட அன்று சொல்லவில்லை. அது அவருக்கு நினைவிலேயே வரவில்லை.

"கொம்மாட்டைச் சொல்லாதை," என்றார் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "நாளைக்குக் காலமை நானும் நீயும் போய் அந்த மனுசனுக்கு முன்னால குனிவம். நல்லாக் குனியவேணும்."

"சரி அப்பா. கடிதம்?"

"கிழிச்சு எறி." காரைக் கிளப்பினவர், ஏதோ நினைத்துக்கொண்டு திரும்பினார். "பொறு. இங்கிலீசு எப்பிடி?"

மறுபடி ஒருமுறை வாசித்தேன்.

"ரெண்டு எழுத்துப் பிழை."

"ரெண்டே ரெண்டோ?" என்றார் அப்பா.

இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து மோட்டர்வேயில் இடப்பக்க ஓடுபாதையை விட்டு விலகாதவர், யாரையும் ஒருநாளும் முந்தாதவர், சிக்னலைப் போட்டு, கண்ணாடியில் இரண்டு தரம் பார்த்து, முன்னால் போன லொறியை முந்தினார்.